வீட்டை உடைத்துப் போட்டுவிட்டு அதற்குள்ளேயே குடியிருப்பது எப்படி

சேலம் அம்மாப்பேட்டையில் நாங்கள் இருப்பது என் மாமனார் கட்டிய தார்சு வீடு. கட்டி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மழை வந்தால் சமையலறை மேல்தளம் ஒழுகும். ஒயரிங் பழைய மரப்பட்டியில் ஓடும். பாத்ரூம் கொல்லையில். போன வருடம் தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினோம். "மூணு மாசத்துல முடிச்சுக் குடுத்துர்றேங்க்கா, சித்திரைக்குப் பால் காய்ச்சிடலாம்" என்றார் மேஸ்திரி. அந்தச் சித்திரை போய் அடுத்த சித்திரையும் போய், இப்போது ஆவணி நடக்கிறது. மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி இல்லை. ஹாலில் ஒரு சுவர், பெயின்ட்டுக்கு முன் பூசுகிற பட்டி பார்க்காமல் சிமென்ட் நிறத்திலேயே நிற்கிறது.

வேலை முடியும்வரை வாடகை வீட்டுக்குப் போக முடிந்தால் போய்விடுங்கள். அதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. எங்களால் முடியவில்லை. வேலைக்கே கடன், அதற்கு மேல் வாடகையும் அட்வான்சும் எங்கிருந்து வரும்? அத்தையோ "இந்த வாசப்படிய விட்டு எங்கியும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எங்களைப் போலப் போக்கிடம் இல்லாமல், முதல் தடவையாக இதில் இறங்குகிறவர்களுக்குத்தான் இது.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

முதல் ஆறு மாதம் நான் மேஸ்திரியிடம் கேட்டது ஒரே கேள்வி: "எப்பண்ணா முடியும்?" அவர் சொன்னதும் ஒரே பதில்: "ரெண்டு வாரம்க்கா." அவர் பொய் சொல்லவில்லை. பழைய வீட்டில் காரையைத் தட்டும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் சமையலறையில் அலமாரியை எடுத்தபோது பின்னால் செங்கல் உப்புப் பூத்து, கையால் உதிர்க்கிற மாதிரி இருந்தது. ஒரு சுவரே கூடுதல் வேலையானது. அதற்கு மேல் பணம் தீரும், மர வேலைக்காரர் வேறு வீட்டுக்குப் போவார், ஆடி வரும். ஆடியில் சேலத்துக்காரர்களை வேலைக்குப் பிடிப்பது நடக்காத காரியம். முதல் தேதி தேங்காய் சுடுவதில் ஆரம்பித்து, கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் வரும் வண்டி வேடிக்கை, அப்புறம் அவரவர் ஊர்ப் பொங்கல் என்று மாதமே ஓடிவிடும். கணக்குப் போடும்போதே ஆடியைக் கழித்துவிடுங்கள்.

அதனால் இப்போது சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுக்கும்போது வேறு கேள்வி கேட்கிறேன். "அடுத்த வாரம் எதை உடைக்கப் போறீங்க? எந்த நாள் தண்ணி நிக்கும்? எந்த நாள் கரண்ட் நிக்கும்? எந்த வழியா நடக்க முடியாது?" இதற்கு அவரால் சரியான பதில் சொல்ல முடிகிறது. புதன்கிழமை பைப் வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால் செவ்வாய் ராத்திரியே குடத்தில் பிடித்து வைப்பேன், துணி துவைத்து முடிப்பேன். முடிகிற தேதி தெரிந்து எனக்கு எந்த உபயோகமும் இருந்ததில்லை. இந்த நாலு கேள்விக்கான பதிலை வாங்கி, காலண்டரில் அந்தந்தத் தேதியிலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் யாரும் பார்ப்பதில்லை.

உடைக்கும் முன் ஒரு அறையை முடியுங்கள்

எல்லாரும் செய்கிற தப்பை நாங்களும் செய்தோம். மேஸ்திரிக்கு வசதி என்று எல்லா அறையையும் ஒரே வாரத்தில் தட்டிவிட்டோம். அவருக்கு ஆள் கணக்கில் லாபம்தான். எங்களுக்கு உட்கார இடமில்லை. நாலு மாதம் கழித்துத்தான் புத்தி வந்து, பின்னறை ஒன்றை மட்டும் தரை, ஒயரிங், சுவர், கதவு, ஜன்னல் வலை வரை முழுசாக முடிக்கச் சொன்னோம். வெள்ளை மட்டும்தான் அடித்தோம், கலர் கூட வேண்டாம் என்று விட்டோம். அன்றிலிருந்து வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது.

அந்த அறையைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்குள் போக வேலை நடக்கும் இடத்தைத் தாண்ட வேண்டாத மாதிரி பாருங்கள். தண்ணீர்க் குழாயும் கழிவறையும் பக்கத்தில் இருந்தால் நல்லது. அதில் படுக்கை, ஒரு பீரோ, சாமி படம், பிள்ளையின் படிப்பு மேஜை ஆகியவை போதும். மற்றதைக் கட்டிப் போடுங்கள். கட்டும்போது அட்டைப்பெட்டியின் மேல் எழுதாதீர்கள், பக்கவாட்டில் எழுதுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் எழுத்து தெரியாது. 'சமையல் சாமான்' என்று எழுதுவதும் வீண். 'இட்லிப் பானை, சல்லடை, பெரிய கரண்டி' என்று எழுத வேண்டும். எங்கள் இட்லிப் பானையை ஏழு பெட்டி பிரித்துத் தேடினேன்.

வீட்டுப் பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு, மகளின் மார்க் சீட் எல்லாம் ஒரே பையில், அந்த அறைப் பீரோவில். நகை லாக்கருக்கு. தினம் பத்து பேர் வந்து போகிற வீடு அது. ஏதாவது காணாமல் போய்விட்டு, பாவம், வேலைக்கு வருகிறவர்களைச் சந்தேகப்படுகிற நிலைமைக்கு நம்மை நாமே கொண்டுபோகக் கூடாது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலை ஆடியைப் போலவே கணக்கிலிருந்து கழியுங்கள். நாங்கள் கழிக்கவில்லை. என் மகள் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் பக்கத்து அறையில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

கழிவறையும் கரண்ட்டும்

இரண்டு கழிவறை இருந்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் உடைக்க விடாதீர்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் புதியதைக் கட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, கதவு மாட்டிய பிறகுதான் பழையதில் கடப்பாரை. பாத்ரூம் தரையில் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி வைப்பார்கள். அந்த நாளையும் டைல்ஸ் பிடிக்க விடும் நாளையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வேலையாட்களுக்கு எந்தக் கழிவறை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சித்தாள் அக்காக்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வார்கள்.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒயரிங் மாற்றுவதாக இருந்தால் மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கரை முதல் வாரமே போடச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன் கடைசியில் போடலாம் என்பார். ஈரத் தரை, உரிந்த ஒயர், வெறுங்கால் மூன்றும் சேர்ந்திருப்பது வேலை நடக்கும் மாதங்களில்தான். டைல்ஸ் கட்டர், டிரில்லர், தண்ணீர் தெளிக்க ஓடும் மோட்டார் எல்லாம் நம் மீட்டரில்தான் ஓடும். ரெண்டு மாதக் கணக்கில் முதல் கொஞ்சம் யூனிட் இலவசம் சரி, 500-ஐத் தாண்டினால் விகிதமே மாறி பில் குதிக்கும். மீட்டர் ரீடிங்கை மாதம் ஒருமுறை நாமே பார்த்து எழுதிக்கொள்வது நல்லது.

வராந்தா சமையல்

நாங்கள் சமையலறையை வாசல் வராந்தாவுக்கு மாற்றினோம். காற்றோட்டமான இடம், கிரில் கேட் இருந்தது. கேஸ் அடுப்பை நாமே தூக்கி வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அடுப்பு மேடை சிலிண்டரைவிட உயரமாக இருக்க வேண்டும், ஹோஸ் ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தங்கும். ஆகவே பக்கத்தில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளமோ மூடாத தொட்டியோ இருக்கக் கூடாது. ஏஜென்சி மெக்கானிக் வந்து மாட்டிக் கொடுத்தால் நிம்மதி. கசிவு வாசம் வந்தால் 1906-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். சுவரில் எழுதி ஒட்டுங்கள், எப்படியும் பெயின்ட் அடிக்காத சுவர்தானே.

இன்டக்‌ஷன் அடுப்பு வாங்குகிறவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. அது 2000 வாட் இழுக்கும், ஒன்பது ஆம்பியருக்குக் கிட்ட வரும். நான் அதை டிவிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்சில் சொருகினேன். மூன்றாம் நாள் சாம்பார் கொதிக்கும்போது பிளாஸ்டிக் உருகிய வாசம். பாக்ஸ் பிளக்கோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. பெரிய பிளக் பாயின்ட் ஒன்று வராந்தாவிலேயே தனியாக இழுத்துக் கொடுக்கச் சொன்னால் எலெக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை.

சமையலை வேலையாட்கள் வரும் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவதுதான் ஒரே வழி. மதியத்துக்கும் சேர்த்து எட்டே முக்காலுக்கு மூடி வைத்து, மூடிக்கு மேல் ஈரத்துணியும் போட்டுவிடுவேன். கிரைண்டரைத் தொடவே தொடாதீர்கள். கல் இடுக்கில் தூசி போனால் மாவு மணலாக நறநறக்கும். மாவு பாக்கெட் வாங்குவது கௌரவக் குறைவு என்று நினைக்கிற என் அத்தையே ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு, "கடை மாவே வாங்கிக்கோம்மா" என்றார். லீ பஜாரில் மூட்டையாகவும் கிலோக்கணக்கிலும் வாங்கிப் பழகியவர்கள் இந்த ஒரு வருடத்துக்கு அந்தப் பழக்கத்தை விட வேண்டும். அரிசி மூட்டைக்கு இடமில்லை, எலிக்குத்தான் இடமிருக்கிறது. சுவரில் ஓட்டை இருக்கிற வரைக்கும் எலி வரும். தெருமுனை மளிகைக் கடையில் வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

சாயங்காலம் சமைக்க மனசே வராத நாள் வரும். தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நாட்கள் எங்கள் வீட்டில் நிறைய. காரட்டும் பீட்ரூட்டும் துருவிப் போடுகிறார்கள், காய்கறிக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

தூசி

தூசியைத் தடுக்க முடியாது, திசை திருப்பத்தான் முடியும். இது எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது.

முதலில் மின்விசிறி. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் வேர்க்கிறது என்று யாராவது பக்கத்து அறை ஃபேனைப் போடுவார்கள். ஃபேன் தூசியை வெளியே தள்ளாது, வீடு முழுக்கப் பங்கு பிரித்துக் கொடுக்கும். எல்லா ஃபேனையும் நிறுத்தி, வேலை நடக்கும் அறையின் வெளி ஜன்னலை மட்டும் திறந்து விடுங்கள். ஏசி இருந்தால் அன்று அதைப் போடவே வேண்டாம், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

அடுத்து வாசற்படி. நாங்கள் கனமான பிளாஸ்டிக் ஷீட் வாங்கிக் கதவு நிலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம். நடுவில் கிழித்து வழி வைத்தோம். காற்றடித்தால் படபடவென்று பறந்தது, தூசி உள்ளே வந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, ஒரு வார்த்தை பேசாமல் பழைய கோணிச் சாக்கு இரண்டை நனைத்துப் பிழிந்து, ஒன்றைப் படியில் விரித்தார், இன்னொன்றை ஷீட்டின் அடி ஓரத்தில் நீளமாக உருட்டி வைத்தார். ஷீட் அசையவில்லை. காலில் வருவது கீழ்ச் சாக்கில் நின்றது. மதியம் அந்தச் சாக்கை வாளியில் அலசியபோது தண்ணீர் மைதா கரைத்த மாதிரி வெளுத்திருந்தது. அவ்வளவும் எங்கள் படுக்கைக்குப் போயிருக்க வேண்டியது. அன்றிலிருந்து காலையில் கோலம் போட்டதும் சாக்கு நனைப்பது அடுத்த வேலை.

கூட்டாதீர்கள். காய்ந்த துடைப்பம் எடுத்தால் படிந்த தூசி எழும்பி, அரை மணியில் அதே இடத்தில் உட்காரும். தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளுங்கள், பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். கிரானைட்டோ டைல்ஸோ வெட்டும்போது ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கச் சொல்லிக் கேளுங்கள். கல்லும் சிமென்ட்டும் பொடியாகும்போது வரும் சிலிக்கா நுரையீரலில் போய்த் தங்கும். தும்மினால் வெளியே வராது. வெட்டுகிற தம்பிக்கும் அதே நுரையீரல்தான். துணி கட்டிக்கொள்வது போதாது, N95 மாஸ்க் ஒரு பெட்டி வாங்கி வைத்து எல்லாருக்கும் கொடுங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகு கேட்டு வாங்குவார்கள்.

பழைய கதவு ஜன்னலில் பெயின்ட் சுரண்டும் நாள் இன்னும் மோசம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளையும் மாசமான பெண்களையும் அன்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றும்போதும் அப்படியே: நனைத்து, முழுசாக இறக்க வேண்டும், உடைத்து எறியக் கூடாது.

கடைசியில் பட்டி தேய்க்கிற நாள். அதற்கு ஒரு தடுப்பும் கிடையாது. நாங்கள் அன்று காலையிலேயே பஸ் ஏறி ஏற்காடு போய்விட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் அத்தை ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்துவிட்டு, "இங்கயே ஒரு ரூம் எடுத்திருக்கலாம்" என்றார். மலையில் வீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே ஈரம் காய வெகுநாள் ஆகும், நம் ஊர்க் கணக்கில் பூச்சு முடித்த சூட்டோடு பட்டி பார்த்தால் உரிந்துவிடும்.

ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு வரி. ஓடுகிற ஃபிரிட்ஜை முழுசாகப் போர்த்தாதீர்கள், பின்பக்கம் சூடு வெளியேற வழி வேண்டும். வெட்டும் நேரத்தில் அணைத்துப் போர்த்துங்கள், முடிந்ததும் பிரித்துப் போடுங்கள்.

செருப்பு

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். நம் வீடுகளில் உள்ளே செருப்பு போடுவது கிடையாது. சென்ட்ரிங் பலகை பிரித்த ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, உடைந்த டைல்ஸ் கிடக்கிற தரையில் வெறுங்காலோடு நடப்பதும் முடியாது. அத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை, என் வீட்டுக்காரர் காலில் ஆணி ஏறி டிடி ஊசி போட்டு வந்த பிறகுதான் சரி என்றார். வீட்டுக்குள் மட்டும் போட ஆளுக்கொரு ரப்பர் செருப்பு புதிதாக வாங்கினோம், முடித்த அறை வாசலில் கழற்றிவிட வேண்டும். சாமி அந்த அறையில் இருப்பதால் விதி தானாக நின்றது.

செங்கல் அடுக்கை வெறுங்கையால் எடுக்காதீர்கள், அடுக்கின் அடியில் தேள் இருக்கும். குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள். ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும், பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் உள்ள வழியை மட்டும் ஒவ்வொரு சாயங்காலமும் நாமே கையால் ஒதுக்கிவிட்டு, ஒரு சின்ன பல்பை விடியவிடிய எரிய விடுங்கள். வேலையாட்கள் போகும்போது மறந்து குறுக்கே போட்டுவிட்டுப் போகும் ஒரு கம்பி போதும்.

பக்கத்து வீட்டுப் பாவு

அம்மாப்பேட்டைத் தெருவில் சத்தத்தை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பிறந்ததிலிருந்து தறிச் சத்தம் கேட்ட காது. நான் பயந்தது டிரில்லருக்கு. பிரச்சினை வந்தது செங்கல் பொடியால்.

எங்கள் கிழக்குச் சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டு ஜன்னல். அதன் உள்ளே குழித்தறி, அந்த அண்ணன் நெய்வது வெண்பட்டு வேட்டி. நாங்கள் சுவரில் ஒயருக்குக் காடி வெட்டிய அன்று சாயங்காலம் வந்து வாசலில் நின்றார். திட்டவில்லை. "வந்து பாரும்மா" என்றார். போனேன். தறியில் நீளவாக்கில் கட்டிய நூலான பாவு மேல் மெல்லிசாகச் சிவப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் இழைக்குள் இறங்கிவிடும் என்று, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாயால் ஊதி ஊதி, ஒரு சாணுக்கு அரை மணி நேரம் என்று ராத்திரி வரை சுத்தம் செய்தார்.

அதன் பிறகு, அந்தப் பக்கச் சுவரில் எது செய்வதென்றாலும் அவரிடம் முதலில் கேட்போம். அவர் வேட்டியை அறுத்து எடுத்து அடுத்த பாவு ஏற்றும் முன் ஒன்றிரண்டு நாள் கிடைக்கும், அந்த நாளில் வெட்டுவோம். மேஸ்திரி முணுமுணுத்தார், வேலை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போனது. உங்கள் பக்கத்து வீட்டில் தறி இல்லாமல் இருக்கலாம். வடகம் காயப் போடுவார்கள், கைக்குழந்தை இருக்கும், ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் இருப்பார். உடைக்கும் முன் இரண்டு பக்கமும் எதிர்வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். போனில் சொல்லாதீர்கள்.

மணல் விஷயமும் தெருக்காரர்களோடு சேர்ந்ததுதான். ஒரு யூனிட் எம் சாண்ட் என்றால் நூறு கன அடி, அதைக் கொட்டினால் சின்னத் தெருவில் பாதி போய்விடும். அரை யூனிட்டாக வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. கொட்டியதும் தார்ப்பாய் போட்டு மூடிச் செங்கல் வையுங்கள். மூடாவிட்டால் தெருப் பூனைகள் எல்லாம் காலைக்கடனுக்கு அங்கேதான் வரும், சித்தாள் கையை விட்டு அள்ளுவது அதைத்தான். மழையில் கரைந்து சாக்கடையை அடைத்தால் தெருவே நம் வாசலுக்கு வரும். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் காற்றோடு வரும் கோடை மழை எந்த முன்னறிவிப்பும் தராது. செப்டம்பர், அக்டோபர் மழையாவது சொல்லிவிட்டு வரும். சிமென்ட் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டு ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். இழுக்கிற வேலையில் இது தன்னாலேயே நடந்துவிடும், எங்களுக்கு நாலு மூட்டை கல்லானது.

இடித்த செங்கல் மண்ணைக் குப்பை வண்டியில் எடுக்க மாட்டார்கள். பள்ளமான மனை வைத்திருப்பவர்கள் நிரப்பத் தேடுவார்கள், அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தால் அவர்களே டிராக்டர் கொண்டுவருவார்கள். பழைய தேக்கு நிலை, ஜன்னலை மண்ணோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள், பழைய மரச்சாமான் கடையில் நல்ல விலைக்குப் போகும்.

தண்ணீர்

மேட்டூர்த் தண்ணீர் குடிக்க, உப்புத் தண்ணீர் வேலைக்கு என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். குடிதண்ணீர் டிரம்மை முடித்த அறையின் பக்கம் வைத்து மூடி போடுங்கள். இல்லாவிட்டால் அவசரத்துக்கு யாராவது கலவைச் சட்டியை அதிலேயே முக்குவார்கள்.

பூச்சுக்கு ஏழு நாளாவது, தளக் கான்கிரீட்டுக்குப் பத்துப் பதினாலு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். இதை மேஸ்திரி நம் தலையில்தான் கட்டுவார், ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் வேலை சுலபம், அங்கேதான் டெங்குக் கொசுவும் முட்டை இடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை பாத்தியை முழுசாக வடித்துவிட்டு, தளம் காயும் முன் மறுபடி நிரப்புங்கள். டிரம்மை வெறுமனே கவிழ்த்தால் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும். உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மறந்துபோகிற பெயின்ட் டப்பா, சாந்துச் சட்டி, வெட்டிவிட்ட பைப்பின் வாய் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும்.

நோட்டும் போட்டோவும்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தினமும் யார் யார் வந்தார்கள், என்ன சாமான் இறங்கியது, எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதுங்கள். சனிக்கிழமை அதை மேஸ்திரி முன்னால் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். சந்தேகம் இல்லை, மறதிதான் காரணம். முடிந்த வேலைக்கு மட்டும் பணம், வரப்போகிற வேலைக்கு அட்வான்ஸ் சின்னதாக. கடைசிப் பத்து சதவீதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சில்லறை வேலைகளுக்கு ஆளை மறுபடி வரவைப்பது அந்தப் பத்துதான். பதினோரு மணி டீயும் நாலு மணி டீயும் நம் செலவு என்று வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் வராமல் வேலையில் தெரியும்.

பூசி மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். பைப்பும் ஒயர்க் குழாயும் தெரிகிற மாதிரி, டேப்பைத் தரையிலிருந்து விரித்து வைத்து எடுக்க வேண்டும், எத்தனை அடியில் ஓடுகிறது என்று படத்திலேயே படிக்கலாம். நாங்கள் இரண்டு சுவருக்கு எடுத்தோம், மூன்றாவதற்குச் சோம்பல். அந்த மூன்றாவதில்தான் முருகன் காலண்டர் மாட்டத் துளை போட்டு, புது பைப்பைத் துளைத்து, தண்ணீர் எதிர்ச்சுவர் வரை பீய்ச்சியது. புது டைல்ஸ் இரண்டு போச்சு.

வேலை நின்று கிடக்கும்போது

ஆள் வராத மாதங்கள்தான் கஷ்டம். தட்டும் சத்தத்தைவிடச் சத்தமில்லாத வீடு மனசை அறுக்கும். எங்களுக்குப் பணம் தீர்ந்து ஐந்து மாதம் நின்றது. அப்போது செய்ததைச் சொல்கிறேன். சாரத்தையும் பலகையையும் திருப்பி அனுப்பினோம், வாடகை தினக்கணக்கில் ஓடும். நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளில் பழைய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்தோம். திறந்த ஒயர் முனைகளை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூடினோம். முடியாத ஹாலைக் கூட்டிக் கழுவி, பாய் விரித்து, உட்கார ஆரம்பித்தோம். பூசாத சுவரில் ஆணி அடிக்க யார் அனுமதியும் வேண்டாம் என்பது அப்போது தெரிந்தது. மாம்பழ சீசனில் வைக்கோல் பரப்பிக் காய்களை அங்கேதான் பழுக்க வைத்தோம். இனி அந்த மூலையில் சோபா வரப் போகிறது, அடுத்த வருடம் காயை எங்கே வைப்பது என்று அத்தை இப்போதே கேட்கிறார்.

சொந்தக்காரர்கள் வந்தால் "இன்னுமா முடியல?" என்பார்கள். அவர்களுக்குச் செருப்பு கொடுத்து உள்ளே கூட்டிப் போய் ஒரு காபி கொடுங்கள், முடித்த அறையில்.

இந்தச் சனிக்கிழமை கேட்டதற்கு, திங்கள் காலை மாடிப்படிக் கைப்பிடிக்கு வெல்டிங் ஆள் வருவதாகவும் பத்திலிருந்து ஒரு மணி வரை கரண்ட் அவருக்கே வேண்டும் என்றும் மேஸ்திரி சொன்னார். காலண்டரில் எழுதிவிட்டேன். ஞாயிறு ராத்திரி படியில் இருக்கும் துளசித் தொட்டியை நகர்த்த வேண்டும், மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிட வேண்டும், பக்கத்து வீட்டு அண்ணனிடம் பொறி பறக்கும், ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும்.